அடிக்குரலுக்கு ஆள் தேவை

மெனோனைட் என்னும் கிறிஸ்தவ சபை நடத்தும் தளேகாவ் முதியோர் இல்லத்துக்கு ஐம்பது வயது. அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு அங்கேயே தங்கியிருக்கும் சாந்தகுமாரி டீச்சருக்கு. ஞாயிறன்று விழாவில் வாசிக்க வேண்டும். பதினெட்டுப் பக்கம் முடிந்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் பேனா நின்றது.

‘அன்று முதல் இன்றுவரை மதியச் சாப்பாட்டுக்கு முன் நான்கு குரலில் பாடுகிறோம்.’

ஆர்மோனியம்கூட இல்லாமல் பாடுவது அங்கே வழக்கம். உச்சக்குரலிலிருந்து அடிக்குரல் வரை நான்கு குரல்களும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும். அடிக்குரல் அந்தோணியுடையது. மார்ச்சில் அவர் போய்ச் சேர்ந்தார். அதன்பின் பாட்டு கால் உடைந்த கட்டில் மாதிரி ஆடியது. ஐந்து வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதமாக வெறும் ஜெபம்தான்.

சத்தியமே செய்யாத சபை அது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அதன் வரலாற்றில் பொய் எழுத டீச்சருக்குக் கை வரவில்லை. அந்த வாக்கியத்தை அடித்துவிடவும் மனம் வரவில்லை.

“சோடோ ஆண்டி, விடுங்க. யார் செக் பண்ணப் போறாங்க?” என்றாள் மேனேஜர் சோனியா.

“நான் பண்ணுவேனே.”

வெள்ளிக்கிழமை காலை சமையலறைக்குப் பின்னால் ஒரு பாட்டின் முனகல் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். டீச்சர் எட்டிப் பார்த்தார். சுப்பையா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கட்கியில் ராணுவத்துக்குத் தோட்டா செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இல்லத்துக்கு வந்து இரண்டு மாதம்.

“அண்ணே, இந்தத் தொண்டைய எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

“குவார்ட்டர்ஸ்ல பஜனைக்குப் பாடுவேன் டீச்சரம்மா. சும்மா.”

“ஜெபத்தப்ப மட்டும் வெளிய போய் நிக்கிறீங்களே, ஏன்?”

அவர் பூண்டையே பார்த்தார். “வாசல்ல எழுதியிருக்கே, ஆயுதம் எடுக்காத சபைன்னு. நான் முப்பத்திநாலு வருஷம் தோட்டா செஞ்சவன். உள்ள நின்னா உங்களுக்குத்தானே சங்கடம்?”

டீச்சர் சிரித்த சிரிப்பில் சோனியா ஓடிவந்தாள்.

“எங்க அந்தோணி யாருன்னு நெனச்சீங்க? பீரங்கிப் படை சுபேதார். இருபது வருஷம் சுட்டுட்டுத்தான் இங்க வந்து பாடினார்.”

“நான் முருக பக்தன் வேற.”

“முருகன்கிட்ட நீங்க பேசிக்குங்க. எங்களுக்கு அடிக்குரல் வேணும்.”

மெட்டைச் சொல்லிக்கொடுத்து, அன்று மதியம் அவரை நடுவில் நிறுத்தினார்கள். இரண்டு வரி மிரண்டார். மூன்றாவது வரியில் குரல் தரையில் ஊன்றியது. மற்ற மூன்று குரல்களும் அதன்மேல் ஏறி நின்றன. சோனியாவுக்குக் கண் கலங்கியது. பாட்டு முடிந்ததும் சுப்பையா பஜனை ஞாபகத்தில் பலமாகக் கைதட்டினார். ஐம்பது வருடத்தில் அங்கே யாரும் தட்டியதில்லை. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஹாலே சிரித்தது.

“இன்னொரு தடவை,” என்றார் டீச்சர்.

“தால் ஆறுது,” என்றாள் பரிமாற நின்ற ஷபானா. யாரும் கேட்கவில்லை. மூன்று தடவை பாடினார்கள்.

சாயங்காலம் டீச்சர் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதினார். ‘நான்கு குரலில் பாடுகிறோம். இந்த வருடம் அடிக்குரல் இல்லாததால் மூன்று மாதம் பாடவில்லை. இப்போது பாடுகிறோம், கைதட்டலோடு.’