எண்பத்தொன்று, கம்போங் மேடான்

"ஒன்பது," என்றாள் சீதாலெட்சுமி.

முன் சீட்டைச் சாய்த்துப் போட்டு, கழுத்தில் ஈரத்துண்டோடு படுத்திருந்த கமலநாதன் கண்ணைத் திறக்கவில்லை. "மணியா?"

"பேட்டரி. ஒன்பது பர்சன்ட். நேத்து சாயங்காலம் சொருகினது, ஏறவே இல்லங்க."

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், தங்கள் மின்சாரக் காருக்குள் இருந்தார்கள். மணி ஒன்பது பத்து. பதினொரு மணிக்குக் கிள்ளானில் அவருக்குக் கதிர்வீச்சு; ஒன்பது பர்சன்டில் அவ்வளவு தூரம் போக முடியாது. தொண்டையில் புற்று. முப்பத்து மூன்று தடவை என்று கணக்கு; இருபத்தாறு முடிந்து ஏழு பாக்கி. நடுவில் ஒரு நாளும் விடக் கூடாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை கமலநாதன் வேறு ஒன்று சொல்லியிருந்தார். "இந்தக் காடி ஓடுற வரைக்கும் வரேன். இது நின்னா நானும் நின்னுக்கிறேன்." விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு எது விளையாட்டு, எது இல்லை என்று தெரியாதா?

இப்போது அவர் பெல்ட்டைக் கழற்றினார்.

"எங்க போறீங்க?"

"மேல. போதும் சீதா." அவருடைய குரல் இப்போதெல்லாம் காகிதத்தைக் கசக்கும் சத்தம் போலத்தான் வருகிறது. "அதுவே போதும்னு சொல்லிடுச்சு."

"அது ஒண்ணும் சொல்லல. கிராப் டாக்சி கூப்பிடுறேன், இருங்க."

"கிராப்புல வரமாட்டேன்."

சிகிச்சையின் ஒன்பதாவது நாள் காடி சர்வீஸுக்குப் போயிருந்தபோது கிராப்பில்தான் போனார்கள். முன்னால் தொங்கிய வாசனை டப்பாவின் நெடியும் எஞ்சின் குலுக்கலும் சேர்ந்து ஃபெடரல் ஹைவே ஓரத்தில் மூன்று இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று டிரைவர் பையன் கொடுத்த பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற வண்டியெல்லாம் பார்க்க, குனிந்து நின்ற மனிதரை அவளால் மறக்க முடியவில்லை. சொந்தக் காடியில் சத்தமும் இல்லை, பெட்ரோல் வாடையும் இல்லை. சிகிச்சை மையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், கூட்டம் நிறைந்த காத்திருப்பு அறையில் உட்காராமல், பார்க்கிங்கிலேயே ஏர்கானைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். எஞ்சின் ஓடாமல் ஏர்கான் ஓடும். பெயர் கூப்பிடும் நேரத்துக்கு எழுந்து போவார். ஐந்து வாரமாக அந்தக் காடிதான் அவர்களுக்கு இன்னொரு அறை.

சீதாலெட்சுமி இறங்கிப் போய் சார்ஜர் வாலைப் பிடுங்கி மறுபடி செருகினாள். சிவப்பு விளக்கு. இன்னொரு தரம். சிவப்பு.

"உங்க ஃபோனைக் குடுங்க."

"எதுக்கு?"

"உங்க குரூப்புல கேக்குறேன்."

"வேணாம். சும்மா இருந்தவங்களைத் தொந்தரவு பண்ணாத."

'ஈவி சொந்தங்கள்' என்ற அந்த வாட்ஸ்அப் குழுவை மூன்று வருடத்துக்கு முன் ஆரம்பித்தவரே அவர்தான். ரயில்வேயில் சிக்னல் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மின்சாரம் என்றால் பேசிக்கொண்டே இருப்பார். கிள்ளான், ஷா ஆலம், டெங்கில் என்று எங்கெங்கோ இருக்கிற மின்காடிக்காரர்கள் நாற்பது பேர். எந்த மாலில் சார்ஜர் கெட்டுப் போயிருக்கிறது, எந்த கொண்டோவில் செக்யூரிட்டி சண்டைக்கு வருகிறான் என்று காலையில் ஒரு குரல் பதிவு போட்டால்தான் அவருக்குப் பசியாறவே தோன்றும். குரல் போனதும் குழுவிலிருந்து சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார். உடம்பு சரியில்லை என்றுகூட யாருக்கும் சொல்லவில்லை. சீதாலெட்சுமிக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடிக்கக் கூடுகிற வேலையற்றவர்கள் என்பது அவள் எண்ணம்.

ஃபோனை அவர் தரவில்லை. மடியில் கிடந்ததை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

"வணக்கம், நான் மிஸ்டர் கமலநாதனோட மனைவி பேசுறேன். அவருக்கு உடம்பு முடியல, தொண்டைல. உங்களுக்குத் தெரியாது, அவரு சொல்லல. பதினொரு மணிக்கு நாங்க கிள்ளான்ல இருக்கணும், ட்ரீட்மென்ட். ஒரு நாளும் விடக் கூடாது. காடி சார்ஜ் ஏறல, செவப்பு லைட் எரியுது, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. கிராப்புல அவரு வரமாட்டாரு, வாந்தி வரும். என்ன செய்யுறதுன்னு தெரியாமத்தான் கேக்குறேன். பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கோம்." கடைசியில் குரல் உடைந்தது. அழித்துவிட்டு மறுபடி பேசலாம் என்று நினைப்பதற்குள் அது போய்விட்டது.

அரை நிமிடத்தில் பதில்கள் வரிசையாக வந்து விழுந்தன.

64. பங்சார்.

38. டெங்கில்.

81. கம்போங் மேடான்.

52. செந்தோசா, கிள்ளான்.

17. மஸ்ஜித் இந்தியா.

அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். ஒரு "ஐயோ" இல்லை, ஒரு "என்ன ஆச்சு" இல்லை.

"இவங்கதான் உங்க சொந்தங்களா? நான் அழாத குறையா பேசியிருக்கேன், நம்பரைப் போடுறானுங்க. ஏலமா நடக்குது இங்க?"

கமலநாதன் கையை நீட்டி ஃபோனை வாங்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க?"

"அது நான் போட்ட ரூல்."

"என்ன ரூலு?"

"ஒருத்தன் பந்திங் ரோட்ல மாட்டிக்கிட்டான், ரெண்டு வருசம் முன்ன." நிறுத்தி, எச்சிலை விழுங்கச் சிரமப்பட்டு, மறுபடி தொடர்ந்தார். "நாப்பது மெசேஜ் வந்துச்சு. பாவம், ஐயோ, கவனம் பாஸ். ஒருத்தனும் போகல. அதான் சொன்னேன். உதவின்னு யாராச்சும் கேட்டா பேசாத. உன் பேட்டரி எவ்வளவு, நீ எங்க இருக்க. வரத் தயாரா இருந்தா மட்டும் போடு."

"அப்போ..."

"அத்தனை பேரும் கெளம்பிட்டாங்க."

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. பதினேழு பர்சன்ட்காரர் விதியை மீறியிருந்தார். 'காடி வராது, ஆள் மட்டும் வரவா அண்ணே?' அதற்குக் கீழே கம்போங் மேடான்: 'நான் எடுத்துக்கிட்டேன். மத்தவங்க நில்லுங்க.' பங்சார்: 'கார்த்திகேசு பக்கத்துலதான் வேலையா இருக்கான். வண்டியை அவன் பாக்கட்டும்.'

பத்து நிமிடத்தில் ஏர்கான் கம்பெனிச் சட்டையோடு ஒருவர் படியில் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும், இடுப்பில் டூல்ஸ் பை. பக்கத்துக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் யாருக்கோ ஏர்கானைப் பிரித்துப் போட்டுவிட்டு அப்படியே வந்திருக்கிறார்.

"நான்தான் கார்த்திகேசு, ஆன்டி." கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தவர் கதவில் கையை ஊன்றிக்கொண்டார். கமலநாதன் பதினாறு கிலோ இளைத்திருந்தார். "என்ன அங்கிள், எங்களை விட்டுட்டு ஸ்லிம்மா ஆயிட்டீங்க," என்றார் பிறகு.

கமலநாதன் விரலை மட்டும் உயர்த்தினார்.

கார்த்திகேசு சார்ஜர் வாலைக் கழற்றி, காடியின் செருகுவாயில் டார்ச் அடித்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஆன்டி, நேத்து சரஸ்வதி பூஜைக்குக் காடிக்கு சாமி கும்பிட்டீங்களா?"

"கும்பிட்டேன். ஏன்?"

"பொட்டு எங்க வச்சீங்க?"

சீதாலெட்சுமிக்குச் சட்டென்று முகம் சூடாகியது. "முன்னாடி வச்சேன். ஸ்டீரிங்ல வச்சேன்..." குரல் இறங்கியது. "அங்கயும் வச்சேன்."

"உள்ளயா?"

"அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே, அதுல."

"சந்தனமா, குங்குமமா?"

"ரெண்டும். மேல கொஞ்சம் பன்னீர் தெளிச்சேன். அப்புறம் சார்ஜரைச் சொருகிட்டுப் போயிட்டேன்."

கார்த்திகேசு உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். "அலமாக் ஆன்டி. நல்ல வேளை, தப்புன்னு தெரிஞ்சு காடியே கரண்டை உள்ள விடல. சந்தனம் காஞ்சு அப்படியே பிடிச்சிருக்கு. வேற எந்த சார்ஜர்ல போட்டாலும் இதே வாய்தானே, ஏறாது. நான் காயவச்சு சுத்தம் பண்ணித் தரேன், ஆனா அவசரப்பட முடியாது. ரெண்டு மணி நேரம் ஆகும். முடிச்சதும் சர்வீஸ்லயும் ஒரு தரம் காட்டிடணும்."

"நான் செஞ்ச வேலையா," என்றாள் அவள். யாரிடமும் சொல்லவில்லை. "நானே செஞ்சிட்டேனா?"

உள்ளிருந்து ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. மூச்சடைக்கிறதோ என்று பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். கமலநாதனின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு தொண்டையை உறுத்த, துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார், அப்படியும் நிற்கவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க," என்றாள்.

"எதுக்கு சீதா அங்க போய்...?"

"அதுதானே அதுக்கு வாயி."

"வாயா?"

"அதுலதான சாப்பிடுது." அவள் அவரைப் பார்க்காமல் கதவின் ரப்பரைத் தடவினாள். "நீங்க ஒரு வாய் கஞ்சி முழுங்க முடியாம கெடக்குறீங்க. தெனம் பாத்துக்கிட்டு இருக்கேன். சாமி முன்னாடி நின்னா வாயில வார்த்தை வரல. இதாவது தெனம் நல்லா சாப்பிட்டு உங்களைக் கொண்டுபோய்ச் சேக்கட்டும்னு... கேட்டுக்கிட்டே வச்சேன்."

கமலநாதனின் சிரிப்பு நின்றது. கார்த்திகேசு பையில் எதையோ தேடுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் பக்கவாட்டில் 'கேட்டரிங்' என்று எழுதிய வெள்ளைக் காடி ஒன்று சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்றது. நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தன. கட்டையான ஒரு பெண், தலையில் சமையல்காரர்கள் போடும் வலையோடு இறங்கினாள்.

"அண்ணி, நான் மாரியாயி. கம்போங் மேடான்."

பார்த்தே இராத ஒருத்தி தன்னை அண்ணி என்று கூப்பிட்டது சீதாலெட்சுமிக்கு ஒரு மாதிரி இருந்தது. "எண்பத்தொண்ணு நீங்கதானா?"

"இப்ப எழுபத்தெட்டு. ஜாம்ல மூணு போயிடுச்சு." மாரியாயி காடிக்குள் தலையை நீட்டினாள். அவரைப் பார்த்தாள். கண்கலங்கியது; குரல் மட்டும் கலங்கவில்லை. "ஏன்ணே, ஆறு வாரமா சத்தமே இல்ல. நாங்க என்ன நெனச்சோம் தெரியுமா? பெட்ரோல் காடி வாங்கிட்டாரு, வெக்கத்துல ஓடிட்டாருன்னு."

கமலநாதன் வாயைத் திறந்தார். அந்தக் குரலை இவர்கள் கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை நாள் ஒளிந்திருந்தார்.

"பேச வேணாம்ணே. எறங்குங்க."

"கேட்டரிங் காடியாச்சே," என்று சீதாலெட்சுமி தயங்கினாள். "தப்பா நெனைக்காதீங்க, சாம்பார் வாடை பட்டாகூட அவருக்கு..."

"நீங்க வாந்தின்னு சொன்னதைக் கேட்டேன் அண்ணி. சோறு எல்லாத்தையும் எறக்கிட்டேன், என் வீட்டுக்காரர் லோரில போவுது. சோப்புத் தண்ணியில தொடச்சு, கண்ணாடியை எறக்கிவிட்டு வந்திருக்கேன். இந்த வலை இல்லேன்னா என் முடி காத்துல நாசமாப் போயிருக்கும்."

மணி ஒன்பது ஐம்பது. கமலநாதன் அசையவில்லை. சாய்ந்த சீட்டில், ஐந்து வாரமாகத் தன் உடம்பின் அச்சு பதிந்த இடத்தில் கிடந்தார். சீதாலெட்சுமி அவர் பக்கத்தில் குனிந்தாள். கெஞ்ச வேண்டும் என்றுதான் குனிந்தாள். வந்தது வேறு.

"காடி நின்னுடுச்சு. நான்தான் நிப்பாட்டினேன், அதுவா நிக்கல. அது மேல பழியைப் போட்டுட்டு நீங்க நிக்காதீங்க. நிக்கணும்னா என் மூஞ்சியைப் பாத்து, எனக்கு முடியல சீதான்னு சொல்லிட்டு நில்லுங்க. நான் மேல கூட்டிட்டுப் போயிடுறேன், ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நகக்கண்ணில் நேற்றைய சந்தனத்தின் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்ததையும் பார்த்திருக்க வேண்டும்.

"தண்ணி போத்தலை எடு," என்றார்.

ஃபெடரல் ஹைவேயில் மாரியாயி இடது தடத்திலேயே, முட்டை ஏற்றிப் போகிற மாதிரி ஓட்டினாள். பின் சீட்டிலிருந்த சீதாலெட்சுமி, அவருடைய தலை ஒவ்வொரு மேட்டிலும் எப்படி ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மத்தியான ஆர்டரை விட்டுட்டு வந்துட்டீங்களே," என்றாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியும் அண்ணி, காடி வாங்கத் தெரியாது. எந்த பேங்க், எந்த பேட்டரின்னு மூணு ஞாயித்துக்கிழமை அண்ணன்தான் பேப்பர்ல எழுதி எழுதிக் காட்டினாரு. என் வீட்டுக்காரர்கூட அவ்வளவு பொறுமையா எங்கிட்ட பேசினதில்ல."

சீதாலெட்சுமிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. வீட்டில் இருக்கக் கூடாதா என்று சண்டை போட்ட ஞாயிற்றுக்கிழமைகள்.

"ஸ்பீட் போடலாம்," என்றார் கமலநாதன் திடீரென்று, அந்தக் கசங்கிய குரலில். "எழுபது இருக்குல்ல. ஏன் கிழவி மாதிரி ஓட்டுற?"

மாரியாயி திரும்பிப் பார்க்கவில்லை. "சரிண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெயர் கூப்பிட்டார்கள். இருபத்தேழாவது தடவை அவர் அந்தக் கதவுக்குள் போய், இருபது நிமிடம் கழித்து, தலையை அசையாமல் பிடித்துவைக்கும் முகமூடியின் வலை கன்னத்தில் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்க வெளியே வந்தார்.

கவுண்டரில் இருந்த நர்ஸ் மறுநாள் அட்டையை நீட்டினாள். தினமும் சீதாலெட்சுமியிடம்தான் கேட்பாள். சீதாலெட்சுமிதான் பதில் சொல்வாள். அவர் அதற்குள் வாசலுக்கு நடந்திருப்பார்.

"நாளைக்கும் பதினொரு மணிதான் ஆன்டி. ஓகேவா?"

சீதாலெட்சுமி வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு அந்த அட்டையை வாங்கியது.

"வரேன்மா," என்றார் கமலநாதன்.