மாயக்காள் ஏறிய பஸ்

மாயக்காள் ஏறிய பஸ் மதுரைக்குப் போய்ச் சேராது. கொட்டாம்பட்டியில் ஏறுவாள். மேலூர் வரும், ஒத்தக்கடை வரும், யானைமலை வரும், அதோடு சரி. வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், யானைமலை மட்டும் ஜன்னலை விட்டு நகராது. எழுபத்தைந்தாம் வருஷம் முதல் தடவை இப்படி ஆனபோது டிரைவர் டீசல் தீருகிற மட்டும் ஓட்டிப் பார்த்தார். வண்டி நின்றதும் அவள் இறங்கி, திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். டீசல் வாங்கி வந்து ஊற்றியதும் கொஞ்ச நேரத்தில் வைகைப் பாலம் வந்துவிட்டது.

அதற்கு முந்தின வருஷம்தான் திருச்சி ரோட்டை அகலப்படுத்தினார்கள். அவள் புருஷன் தவசிக்கு அதில் வேலை. தார் போடுகிற இடத்தில் சிவப்புக் கொடியோடு நின்று வண்டிகளை மறிக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போன பிறகு, நாலு வயது மகள் சோலைக்குக் காய்ச்சல் ஏறிக் கண் செருகியது. மாயக்காள் பிள்ளையை அள்ளிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். வெள்ளரிப்பட்டிக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கொடி பிடித்து நின்றவன் தவசி. ஜன்னலில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும், அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் போல என்று நினைத்துச் சிரித்தான். செத்த பொறு என்று கையைக் காட்டினான். அவள் கத்தியது ரோடு ரோலர் சத்தத்தில் அவன் காதுக்கு எட்டவில்லை. நெருக்கியடித்த கூட்டத்தில் பிள்ளையோடு எழுந்து வரவும் வழியில்லை. தார் இறுகி, பஸ்ஸை விட்டு, யானைமலையைத் தாண்டும்போது பிள்ளை மடியில் கனத்தாள். வழியிலேயே உயிர் போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மறுநாளே தவசி கொடியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுக் கடலைக்காட்டுக் கூலிக்குப் போய்விட்டான். அந்தக் கொடியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவள் சோறு வைப்பாள், அவன் தின்பான். பத்து வருஷம் அப்படியே போயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் அவள் பஸ் ஏறப் போவது அவனுக்குத் தெரியும். எதற்கென்று தெரியாது. கண்டக்டர்கள் அவளைக் கண்டால் வண்டியை நிறுத்தாமல் போக விசில் கொடுத்துவிடுவார்கள். சுலைமான் என்ற கண்டக்டர் ஒருவன்தான் ஏற்றிக்கொள்வான். ஒருநாள் அவன் கேட்டான்.

“யக்கா, மதுரையில ஒங்களுக்கு என்ன சோலி?”

“மதுரையில ஒண்ணுமில்ல தம்பி. யானைமலைகிட்ட வந்தா புள்ள மடியில வந்து படுக்குறா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா இல்லேன்னு சொல்லிருவாக.”

சுலைமான் இதைக் கொட்டாம்பட்டி டீக்கடையில் வைத்துத் தவசியிடம் சொன்னான். தவசி பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு அவனும் அவளோடு ஏறினான். வெள்ளரிப்பட்டி வந்தபோது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். ஒத்தக்கடை தாண்டியதும் யானைமலை ஜன்னலில் நின்றது. அவள் அவன் கையை எடுத்துத் தன் மடிக்கு மேலே வைத்தாள். கை மடியைத் தொடவில்லை, நடுவிலேயே நின்றது. அவன் மெல்லத் தடவிப் பார்த்தான்.

“காய்ச்ச இன்னும் விடலையே,” என்றான்.

“இருக்கட்டும்யா. மூச்சு இருக்குல்ல.”

பொழுது சாயும் வரை அவன் கையை எடுக்கவில்லை.

அதிலிருந்து இருவரும் சேர்ந்தே வந்தார்கள். டிப்போவில் வெள்ளிக்கிழமை அந்த டிரிப்புக்கு மட்டும் டீசல் கூடுதலாக ஊற்றினார்கள். மேலூரில் வண்டி நின்றதும், “மதுரை போறவங்க எறங்கிப் பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்கங்க,” என்பான் சுலைமான். சனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொள்வார்கள். ஜன்னலோர சீட்டைக் கடந்து போகும்போது மட்டும், தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி குரலைத் தணித்துக்கொள்வார்கள்.