வெயிலில் பார்க்கும் நிறம்

தம்பி தன்னிடம்தான் பேசுகிறான் என்பது கைலாசத்துக்கு உடனே உறைக்கவில்லை. பட்டறைக்குப் போகச் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். சிவராஜ் மாடிப்படியில் நின்றபடி அண்ணி நீலாம்பாளோடு பேசுகிறான் என்று நினைத்தார். ஆனால் நீலாம்பாள் அடுப்படியில் இருந்தாள்.

"அண்ணா, மீன்தொட்டியை நீங்க பாத்துக்கினா தேவலை. அண்ணிக்கு முட்டி வலி. மாடி ஏற முடியாது."

அம்மா செத்த அன்று நின்றுபோன பேச்சு. ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து சிவராஜ் வந்து சேர்ந்தபோது பாடை கட்டிவிட்டிருந்தார்கள். "வாங்க, விருந்தாளி வந்துட்டாரு" என்றார் கைலாசம், சொந்தம் பந்தம் எல்லாரும் நிற்கையில். யாரோ சிரிக்கவும் செய்தார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷமாக ஒரே வீட்டில் தம்பி மாடியிலும் அண்ணன் கீழேயும் இருந்தார்கள். சிவராஜ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடுவில் நீலாம்பாள்தான் ஓடினாள்.

"கம்பெனியில ஒரு மாசம் புனேவுக்கு அனுப்புறாங்க," என்றான் சிவராஜ். கண் சைக்கிள் மணியின் மேல் இருந்தது. "தண்ணி கொறைஞ்சா கேன்ல இருக்கறதை ஊத்துங்க. லைட்டு தானா எரிஞ்சு தானா அணைஞ்சிடும். பவளம் நிறம் மங்குற மாதிரி தெரிஞ்சா மட்டும் லைட்டைக் கொஞ்சம் ஏத்துங்க. கொஞ்சம்தான்."

"சரி," என்றார் கைலாசம்.

பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் சைக்கிள் மிதிக்கும்போது அந்த ஒரு சொல் வாயில் ஊறிக்கொண்டே இருந்தது. இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். பத்திரமாகப் போய்வா என்றாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு என்று சொல்ல நாலு வருஷமாக ஒரு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்போது சொல்லலாம் என்று தீர்மானித்தபோது மனசு கொஞ்சம் லேசாயிற்று.

சிவராஜ் போன அன்று சாயங்காலம் மாடி ஏறினார். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அறை முழுக்க நீலம். கண்ணாடித் தொட்டிக்குள் மீன் எதுவும் இல்லை, பாறை மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கிளை கிளையாக நின்றது பவளம். எங்கோ பண்ணையில் வளர்த்த விரல் நீளத் துண்டாக அதை வாங்கி வந்தான் என்று நீலாம்பாள் சொல்லியிருக்கிறாள். உடம்பெல்லாம் பச்சையாகவும் நுனிகள் ஆரஞ்சாகவும் தணல் போல ஒளிர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கைலாசத்துக்கு அந்த அழகின் மேல் நம்பிக்கை வரவில்லை.

அவர் பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர். கடைக்காரர்கள் மாதிரிக்கு ஒரு புடவைத் துண்டு கொண்டுவருவார்கள். சாயம் ஏறிய நூல் சிட்டத்தையும் அந்தத் துண்டையும் பட்டறைக்கு வெளியே உச்சிவெயிலுக்கு எடுத்துப்போய் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார். ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒன்றுபோலத் தெரியும் இரண்டு அரக்குச் சிவப்பு வெயிலில் பிரிந்து நிற்கும். விளக்கு காட்டும் நிறத்துக்கு அவர் ஒருநாளும் தலையாட்டியதில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட வந்தவர் நேரே மாடிக்குப் போனார். விளக்கில் இரண்டு திருகுகள் இருந்தன, ஒன்று நீலத்துக்கு, இன்னொன்று வெள்ளைக்கு. வெள்ளை கால்வாசிக்கும் கீழே நின்றது. நீலத்தை முழுக்க அணைத்து வெள்ளையைக் கடைசிவரை திருகினார். அறை பட்டறை வாசல் மாதிரி ஆயிற்று. தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

பச்சை இல்லை. ஆரஞ்சும் இல்லை. கொதித்து ஓய்ந்த டீத்தூள் நிறத்தில் ஒரு குச்சிக்கட்டு நின்றது.

ஒரே நாளில் மங்கிவிட்டதா? இல்லை, முன்பே இப்படித்தான் இருந்து, நீல வெளிச்சத்தில் தம்பிக்குத் தெரியாமல் போயிற்றா? இரண்டாவதாக இருக்கத்தான் நியாயம் என்று பட்டது. பாவம், விளக்கு ஏமாற்றுவது அவனுக்கு எப்படித் தெரியும். மங்கினால் ஏற்றச் சொன்னான். நீலத்தைப் பழையபடி வைத்து, வெள்ளையைப் பாதிவரை ஏற்றிவிட்டு இறங்கினார்.

"போன் போட்டுக் கேளுங்களேன்," என்றாள் நீலாம்பாள், சோற்றைத் தட்டில் போட்டபடி.

"நிறத்தைப் பத்தி நான் போய் அவன்கிட்ட கேக்கணுமா?"

"கேட்டா இன்னா, வாய் வெந்துடுமா?"

"வந்து பாக்கட்டும். அப்புறம் சொல்லுவான்."

"அவரு சொல்லுவாரு, நீங்க கேட்டுக்கினு நிப்பீங்க. அதையும் பாக்கத்தானே போறேன்."

தினமும் மதியம் வெள்ளையில் பார்த்தார். தினமும் திருகில் ஒரு கோடு ஏற்றினார். ஒரு வாரத்தில் டீத்தூள் நிறம் தேன் நிறமாயிற்று. பிறகு சந்தனம். கைலாசத்துக்கு அது பழகிய காட்சி. கச்சாப் பட்டு முதலில் பழுப்பாக, விறைப்பாகத்தான் வரும். சோப்புத் தண்ணீரில் வேகவைத்தால் பசையெல்லாம் இறங்கி வெள்ளை வெளேரென்று மின்னும். அந்த வெள்ளையில்தான் எந்த நிறமும் சுத்தமாக ஏறும். இங்கேயும் கசடு இறங்குகிறது, அதற்குப் பிறகு உள்ளேயிருக்கும் நிறம் எழும்பும் என்று காத்திருந்தார்.

ஒருநாள் சிவராஜ் நீலாம்பாளைக் கூப்பிட்டான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தொட்டி எப்படி இருக்குது அண்ணி?"

"எனக்கு இன்னா தெரியும். உங்க அண்ணன் ரெண்டு வேளையும் மேலயேதான் குடியிருக்காரு. என்னைக் கட்டினப்போகூட இப்படிப் பாத்ததில்ல."

"அண்ணனா?" என்று சிரித்தான் சிவராஜ்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. அன்று மதியம் கைலாசம் திருகைக் கடைசிவரை திருப்பி அப்படியே விட்டுவிட்டார்.

சிவராஜ் வந்த அன்று அவர் பட்டறைக்குப் போகவில்லை. தம்பி பையைக் கீழே வைக்கும் முன்பே, "வா, வந்து பாரு" என்று முன்னால் படியேறினார். பவளம் சங்குபோல வெளுத்திருந்தது. தூசு தும்பு இல்லை, கறை இல்லை.

"பாரு. கசடெல்லாம் இறங்கிடுச்சு."

சிவராஜ் கண்ணாடியருகே குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை. தண்ணீர் சுற்றும் மோட்டாரின் முனகல் மட்டும் கேட்டது. கைலாசம் தம்பியின் பிடரியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது கசடு இல்லண்ணா," என்றான் சிவராஜ். "அந்தப் பழுப்புதான் அதுக்குச் சோறு. உள்ள ஒரு பாசி இருக்குது. அதுதான் வெளிச்சத்துல சமைச்சுப் போடும். வெளிச்சம் அதிகமாச்சுன்னா பவளம் அதையே வெளிய துரத்திடும். இப்போ நாம பாக்குறது எலும்பு."

"செத்துப்போச்சா?"

"இன்னும் இல்ல. பட்டினி கிடக்குது."

"வெள்ளையில பாத்தேன். மங்கிப்போயிருந்துச்சு. அதான்..."

"வெள்ளையில அது எப்பவும் அப்படித்தான் இருக்கும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கைலாசம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். "எவ்வளவு வெளிச்சம் வெச்சா சரியா இருக்கும்?" என்று கேட்டார்.

சிவராஜ் திரும்பிப் பார்த்தான். கேட்க ஒரு மாதம் இருந்ததே என்று அவன் சொல்லவில்லை. வெள்ளையை முழுக்க அணைத்தான். நீலத்தை நூலளவுக்கு இறக்கினான். அறை இருண்டது.

"இதுல ஒண்ணும் தெரியலையே."

"நாம பாக்கறதுக்கு இல்லண்ணா அது."

அதன்பின் ஒவ்வொரு சாயங்காலமும் கைலாசம் மேலே போய்க் கதவோரம் உட்கார்ந்தார். சிவராஜ் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. மூடியில் மருந்துபோல ஏதோ தீவனத்தை எடுத்து, பவளத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விடுவான். பிறகு இருவரும் அந்த மங்கலில் உட்கார்ந்திருப்பார்கள். கைலாசத்துக்குக் கண் பழகப் பழகத் தம்பியின் முகம் தெரிய ஆரம்பித்தது. காதோரம் நரைத்திருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் அதைப் பார்த்ததில்லை. இது பிழைத்தால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பிழைத்த அன்றைக்கே.

இரண்டாம் வாரம் நுனிகளில் பழுப்பாக ஏதோ படர்ந்தது. கைலாசம் முதலில் பார்த்தார். "சிவா, பழுப்பு திரும்புது பாரு," என்றார். அவனை அப்படிக் கூப்பிட்டு வருஷங்களாகின்றன.

சிவராஜ் கையைத் தண்ணீரில் விட்டு ஒரு நுனியை விரலால் லேசாகத் தடவினான். பழுப்பு நூல் நூலாகப் பிரிந்து மிதந்தது. கீழே வெறும் சுண்ணாம்பு.

"இது வேற பாசி," என்றான். "செத்த எலும்பு மேல வர்றது."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். ஒவ்வொரு விரலாக, நிதானமாகத் துடைத்தான். கைலாசம் அந்தச் சொல்லைத் தொண்டைவரை கொண்டுவந்தார். இந்த அறையில், இந்தப் பவளத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எதற்கென்று மன்னிப்புக் கேட்பது? அம்மா செத்த அன்று பேசியதற்காகக் கேட்டாலும் இதற்காகக் கேட்டதாகத்தான் அவன் எடுத்துக்கொள்வான். இதற்குப் பரவாயில்லை என்று சொல்லிவிடுவான். அதோடு அது முடிந்துபோகும்.

"கீழ போய் சாப்பிடுங்கண்ணா," என்றான் சிவராஜ். "நேரமாவுது."

"நீ?"

"எனக்குப் பசிக்கல."

கைலாசம் எழுந்தார். கால் மரத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கும்போது, மேலே விளக்கின் ஸ்விட்ச்சை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மோட்டாரும் நின்றது.