அரைப்பேர்

“நேராச் சொல்லுங்கோ. லயத்திலை ஆரையும் வைச்சிருக்கிறியளோ?”

இதைக் கேட்டபோது கமலாம்பிகை மா வறுத்துக்கொண்டிருந்தாள். அகப்பை நிற்கவில்லை. கேட்டது கணவர் கனகசபையிடம். பசறைக்கு மேலே, காட்டுமூலைத் தோட்டத்து ஆபீசில் பதினெட்டு வருஷம் கிளாக்கராக இருந்தவர், வேலையை விட்டு விலகுவதாக எழுதி அன்று காலை துரையிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மாத முடிவில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பசறையில் அஸீஸ் முதலாளியின் புடைவைக் கடைக்கு மேலே ஓர் அறை பேசியாகிவிட்டது. அங்கே இருந்துகொண்டு, பிரஜாவுரிமை மனுவோடு அலைகிற தோட்டத்துச் சனங்களுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாராம்.

“காசு வாங்காமலோ?”

“ஓம்.”

“அப்ப கட்டாயம் ஆரோ ஒருத்தி இருக்கிறாள்.”

கொல்லையில் ரெங்கன் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவன் காதில் விழுமென்று கமலாம்பிகை குரலைத் தாழ்த்தினாள். பிறகு, வழக்கம்போல, சிரட்டையில் தேநீரை ஊற்றிப் பின்படியில் வைத்து, “ரெங்கன், தேத்தண்ணி” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சந்தேகப்பட்டது அவள் மட்டுமல்ல. யூனியன்காரர்கள் கிளாக்கரை வளைத்துவிட்டார்கள் என்று துரை நினைத்தார். எதையோ சுருட்டிக்கொண்டு நழுவுகிறார் என்றார் பெரிய கங்காணி கந்தசாமி. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களின் பயம் வேறு. ஆளாளுக்குப் பேரெழுதி வாங்கி இந்தியாவுக்குக் கப்பலேற்றத்தான் கம்பெனி இவரை அனுப்புகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கனகசபை லயத்துப் பீலியடியில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். மடியில் தாள். பக்கத்தில், எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்க ஒரு மைப்பெட்டி. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அவர் பக்கம் திரும்பாமல் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். கிழவர் வீரய்யா மட்டும் நின்று பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

“மீனு வர்ற வரைக்கும் கொக்கு ஒத்தக் கால்லதான் நிக்கும்.”

மூன்று ஞாயிறு ஒருவரும் வரவில்லை. நான்காவது ஞாயிறு இராக்கம்மா வந்தாள். கிளாக்கர் வீட்டில் விறகு பிளக்கும் ரெங்கனின் மனைவி, கொழுந்தெடுப்பவள். லயத்தில் அவள் புருஷனை யாரும் ரெங்கன் என்பதில்லை. ரெங்கசாமி என்பார்கள்.

“என்ன இராக்கம்மா?” என்றார் கனகசபை.

“நேத்து வரைக்கும் இராக்கிதான். இன்னிக்கு என்னங்க புதுசா அம்மா?”

இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஆனால் விடவில்லை. ஒரு நுனியை அவர் பிடித்துப் படிக்க, மறு நுனியை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். கடிதம் சுருக்கமானது. மனுக்காரரின் பிறப்புப் பத்திரத்தில் ‘ரெங்கசாமி’ என்றிருக்கிறது. தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோலில் அப்படி ஒருவர் வேலை செய்ததாகப் பதிவில்லை, ‘ரெங்கன்’ என்றுதான் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று ஒரு மாதத்துக்குள் காட்டாவிட்டால் மனு தள்ளுபடி.

அந்தச் செக்ரோலில் இருந்த கையெழுத்து கனகசபையுடையது. வேலைக்கு வந்த புதிதில் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏடு எழுதச் சொன்னார்கள். அப்போதிருந்த பெரிய கிளாக்கர் சொல்லிக்கொடுத்தார்: “உவங்களுக்குச் சாமியும் அம்மாவும் என்னத்துக்கு? வெட்டிப்போட்டு எழுது.” இளைஞன் கனகசபை வெட்டினான். ரெங்கசாமி ரெங்கன் ஆனான், இராக்கம்மா இராக்கி ஆனாள். இப்போது மனுக்கள் ஒன்றொன்றாகத் தள்ளுபடியாகி ஆபீசுக்குத் தகவல் வரத் தொடங்கியதும் அவருக்குத் தூக்கம் போனது. வேலையை விட்டார். ஏன் விட்டார் என்பதை மனைவிக்கும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தே கழுவிவிடலாம் என்று நினைத்திருந்தார்.

“பயப்பிடாதை. ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு நான் எழுதித் தாறன்.”

எழுதினார்.

“வாசிங்க,” என்றாள் இராக்கம்மா.

“...மேற்படி பெயர் கைத்தவறுதலாகச் சுருக்கி எழுதப்பட்டுவிட்டது...”

“தவறுதலாங்க?”

“ஓம். பிழையாப் போச்சுது.”

“எங்க லயத்துல மட்டும் பதினேழு சாமிங்க. பதினேழுக்கும் கை தவறிச்சா? கந்தசாமி கங்காணி பேரு முழுசா இருக்கே. அங்க மட்டும் கை நேரா போச்சுங்களா?”

பீலியடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் எடுக்கவில்லை.

“கொழுந்து கொறைஞ்சா அரைநாள் சம்பளம், அரைப்பேரு போடுவீங்க. சரி, கொறைச்சோம், போட்டீங்க. எங்க பேரையே அரையாக்குனீங்களே, அதுக்கு என்னத்தங்க கொறைச்சோம்?”

கனகசபை தாளைப் பார்த்தார்.

“இதக் கொண்டுபோய் ஒரு ஆளு நீட்டுனா சரிம்பாங்க. பதினேழு பேரும் நீட்டுனா யாரு நம்புவா? வெட்டுனேன்னு எழுதுங்க. ஏன் வெட்டுனீங்கன்னும் எழுதுங்க.”

“அப்பிடி எழுதினால் வேணுமெண்டு பொய் எழுதினவன் ஆவன். தோட்டம் வழக்குப் போடும். பிறகு ஒரு கந்தோரும் என்னை வேலைக்கு எடுக்காது.”

“எழுதலேன்னா அவர கப்பல்ல ஏத்திருவாங்க. அவரு அந்தக் கரையப் பாத்ததே இல்லீங்க.”

அவள் கெஞ்சவில்லை. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். போய்விடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் போனால் இந்தப் பெட்டியடிக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்பதும் தெரிந்தது. அவர் முதல் தாளைக் கிழித்தார். புதுத் தாளில், காட்டுமூலைச் செக்ரோலைப் பெயர்த்தெழுதிய கனகசபையாகிய நான், தாழ்ந்த சாதியார் என்று கருதியதால், இவர்களுடைய பெயர்களை அறிந்தே வெட்டினேன் என்று எழுதினார். பதினேழு பெயரையும் முழுசாக எழுதினார். வாசித்தும் காட்டினார். கடைசியில் கையெழுத்துப் போடப் பேனாவை ஊன்றினார்.

இராக்கம்மா தாளின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

“கையெழுத்த நம்பித்தாங்க கெட்டோம். பெருவெரல வைங்க.”

வீரய்யா சிரிக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷம் மற்றவர்களின் விரலைப் பிடித்து அழுத்திய மனிதர் தன் விரலை மையில் தோய்த்து அழுத்தினார். அதன் பிறகே கையெழுத்துப் போட விட்டாள்.

குவார்ட்டர்ஸில் கமலாம்பிகை டிரங்குப் பெட்டிக்குள் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொல்லையில் ஞாயிற்றுக்கிழமை விறகு பிளக்கும் சத்தம். அவள் கண் நேராக அவர் விரலில்தான் விழுந்தது.

“விரலிலை என்ன?”

“கைநாட்டு வைச்சனான்.”

“படிச்ச மனிசன் கைநாட்டோ? ஆருக்கு?”

“ரெங்கசாமிக்கு.”

கமலாம்பிகை சேலையைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் தேடிய ஆள் அகப்பட்டுவிட்டது போல அவள் முகம் கூர்மையானது.

“ஆர் அது ரெங்கசாமி? எனக்குத் தெரியாமல் ஆர் உது?”

கொல்லையில் கோடரிச் சத்தம் நின்றது.

“நாந்தாங்க,” என்றார் ரெங்கசாமி.