முழு வருகை

"சார், ஒரு சந்தேகம்" என்று அவள் எழுந்து நின்றாள். எழுந்திருக்கவே தேவையில்லை, வகுப்பில் வேறு யாருமில்லை. எடுத்ததற்கெல்லாம் கேள்வி கேட்பதால் இயற்பியல் வாத்தியார் அவளுக்குச் சந்தேகக்காரி என்று பெயர் வைத்திருந்தார். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வெளியே கோச்சிங் சென்டரில் இருந்தார்கள். கல்லூரியில் சேர நுழைவுத்தேர்வு மார்க் மட்டும் போதும் என்று அரசாங்கத்தின் தேர்வு வாரியம் நாடு முழுவதற்கும் அறிவித்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் பெயருக்குத்தான். ஆனால் அந்தத் தேர்வை எழுதப் பள்ளி வருகை வேண்டும் என்றதும் அதே வாரியம்தான். அதனால் வராத பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியார் தினமும் வந்ததாகப் போட்டார். சந்தேகக்காரிக்குக் கோச்சிங் போக வசதியில்லை. அவளுக்கு எல்லாமே இவர்தான். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட.

அன்று மாலை தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்கு வாரியத்துலேர்ந்து ஆய்வுக்கு வராங்க. பசங்க எல்லாரையும் பஸ் வச்சுக் கூட்டிட்டு வரோம். அந்தப் பொண்ண மட்டும் வர வேணாம்னு சொல்லிடுங்க."

"அவ ஒருத்திதான சார் தினமும் வரா?"

"அதான் பிரச்சனையே. சந்தேகம் கேக்குறேன்னு எழுந்து, 'இவங்கல்லாம் யாரு சார்'னு கேட்டு வச்சா? அங்கீகாரம் போச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போச்சு."

"நாளைக்கு லீவும்மா" என்று அவளிடம் சொல்லும்போது வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டார். அவள் எந்தச் சந்தேகமும் கேட்காமல் தலையாட்டினாள்.

மறுநாள் வகுப்பு நிரம்பி வழிந்தது. சந்தேகக்காரியின் இடத்தில் ஒரு பையன் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான். கடைசி பெஞ்சில் ஆய்வு அதிகாரி. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் இத்தனை முகங்களைப் பார்த்ததில் வாத்தியாருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. கரும்பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். வீட்டு உடுப்பில், நோட்டை ஜன்னல் கட்டையில் வைத்து, பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மாவின் தையல் மிஷின் சத்தம் ஓயாது. லீவு நாளில் பள்ளி வராந்தாவில் வந்துதான் படிப்பாள். அது தெரிந்தும் நேற்றைய பதற்றத்தில் மறந்து தொலைத்திருந்தார்.

"யாருங்க அது?" என்றார் அதிகாரி.

"தெரியல சார். பக்கத்துத் தெருப் பொண்ணா இருக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள். நிரம்பிய பெஞ்சுகளைப் பார்த்தாள். உதடு லேசாகப் பிரிந்தது. கேட்டுவிடப் போகிறாள் என்று அவருக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவள் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் பெஞ்சுகள் பழையபடி காலி. அவளுடையதும்தான். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் வாத்தியார் வாசலைப் பார்த்தார். மணி அடிக்கும் நேரத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்து வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார். அவள் பெயரில் பேனா நின்றது. வரவில்லை என்று எழுதினால் பின்னால் அவள் தேர்வெழுத முடியாமல் போகலாம். அவளுக்கும் வந்ததாகவே போட்டார்.

கையெழுத்திட்டு நிமிர்ந்தார். பதிவேட்டை மூடிவிட்டு, காலி பெஞ்சுகளைப் பார்த்துக் கேட்டார்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"