அமாவாசை மதியம் ஒரு சின்ன விமானம்

1

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் முளைத்ததல்ல. ஒரு மொட்டை மாடியில் வைத்த சோற்றிலிருந்து வந்தது.

மாடம்பாக்கம் தாண்டி ஒரு விமானப் பயிற்சி ஓடுபாதை. (தேடிப் போகாதீர்கள், இடத்தை மாற்றியிருக்கிறேன்.) அங்கே பறவை விரட்டும் வேலை ஜெயவேலுவுக்கு. பையில் வெடி, தோளில் வயர்லெஸ். மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

“காக்காக்கு சோறு வெக்கிறத வேணாங்கல சார். அல்லா மாடிலயும் பன்னெண்டு மணிக்கு வெச்சா காக்கா வருது, அது பின்னாடியே பருந்து வருது. அந்த டைம்லதான் பிளேன் எறங்குது. பேஜாராப் பூடுது. ஒரு மணிக்கு மேல வெச்சிக்கினா போதும்.”

“அதுக்கென்ன, ஆகட்டும்” என்றேன்.

2

முதல் வரியை நான்கு முறை எழுதினேன். ‘வானம் தெளிவாக இருந்தது, ஆனால்...’ வேண்டாம். ‘மரணம் சிறகு விரித்து...’ இதை எழுதிய கையை உடைக்க வேண்டும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அமாவாசை. பன்னிரண்டே கால். ஜெயவேலு ஓடுபாதை ஓரத்தில் நிற்கிறார். மிருதுளா என்ற மாணவி முதல்முறையாகத் தனியாக விமானத்தை இறக்கப்போகிறாள். (அவளைக் கதையில் உங்கள் மகளாக்கிவிடட்டுமா என்று அவரிடமே கேட்டேன். “எதுக்கு சார்? யார் வூட்டுப் பொண்ணா இருந்தாலும் கை நடுங்கும்ல” என்றார். விட்டுவிட்டேன்.)

விமானம் தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு இறங்கிவிட்டது. அப்போதுதான் ஓடுபாதை முனைப் புல்லில் ஏழெட்டுப் பருந்துகள் வந்து உட்கார்ந்தன, ஏதோ மாடியிலிருந்து தூக்கிவந்த வடையைப் பிய்த்துக்கொண்டு. வெடி போட்டால் அத்தனையும் ஒன்றாக எழும்பும், அவள் முகத்துக்கு நேரே. சும்மா விட்டால் இரைச்சலுக்கு எழும்பினாலும் எழும்பும். வயர்லெஸ் பொத்தானை அமுக்கி ‘எறக்காதீங்க’ என்று சொன்னால் திரும்ப மேலே ஏறுவாள். ஏறினால் எதிரே எங்கள் காலனி; மாடிகளுக்கு மேல் இன்னும் இருபது பருந்து வட்டமடிக்கிறது.

கட்டைவிரல் பொத்தான்மேல். பெருமாளே... (ஜெயவேலு பெருமாளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது நான்.)

3

முடிவு ஒன்று: அமுக்குகிறார். அவள் ஏறுகிறாள், பருந்துகள் விலகி... விலகுமென்று யார் சொன்னது?

முடிவு இரண்டு: அமுக்கவில்லை. சக்கரம் தரை தொட ஒரு பனை உயரம் இருக்கையில் ஒரே ஒரு பருந்து மட்டும்... எழுத முடியவில்லை.

என் மனைவி பட்டு படித்துப் பார்த்தாள். “முதல்ல அந்தப் பொண்ணை எறக்கி விடுங்கோ. கதையை அப்பறம் எழுதிக்கலாம்.”

பட்டுவுக்குச் சர்க்கரை. ஆனாலும் அமாவாசையன்று காக்கை தொடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அன்று பதினொன்றரைக்கே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, கண் சொருகியது. ஒரு வாய் சாப்பிடு என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பன்னிரண்டுக்கு நானே இலையோடு மாடி ஏறி, கா கா என்று கூப்பிட்டேன். வடையும் வைத்தேன்.

4

இரண்டாம் பகுதி முழுக்க, மூன்றாம் நாள் டீக்கடையில் ஜெயவேலு சொன்னது. கட்டைவிரல் வரைக்கும் வந்தவர் நிறுத்தினார்.

“அப்பறம்? அமுக்கினீங்களா?”

“சொல்றேன். நீங்க அன்னிக்கி எத்தினி மணிக்கு சார் சோறு வெச்சீங்க?”

“ஒரு மணிக்கு மேலதான்” என்றேன்.

அவர் மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

தெருவில் யாரைக் கேட்டாலும் நடந்ததைச் சொல்லிவிடுவார்கள். கேட்கத் துணிவில்லை. அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதும் யோக்கியதையும் எனக்கில்லை. மிருதுளா இன்னும் தொட்டி உயரத்தில்தான் இருக்கிறாள். பொத்தானை அமுக்குவதா வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம்.