குதிரைகளுக்கும் வரி

"அக்கா, கொஞ்சம் ஒத்திக்கோ, கை வழுக்குது" என்றபடி ஐஸ்காரர் இரண்டாவது பாளத்தை மரத்தூளோடு கூடத்தில் இறக்கினார். செங்கமலம் அப்பாவின் கால்மாட்டிலிருந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நேற்று விடியற்காலை போன உயிர். டெல்லியிலிருந்து அண்ணன் வந்து சேரும்வரை உடல் தாங்க வேண்டும்.

சிட்லபாக்கத்துக்கு ஸ்ரீநிவாசராகவன் என்றால் ஏரிக்கரையில் தினமும் நடக்கும் ஒல்லிக் கிழவர். தெற்கே ஒரு சின்ன சமஸ்தானத்தில் அவர் வரி மந்திரியாக இருந்ததை இந்த வீட்டார் யாரிடமும் சொன்னதில்லை. குமாஸ்தாவாக நுழைந்தவர் முப்பத்தைந்து வயதில் மந்திரி. நிலத்துக்கு வரி, தறிக்கு வரி, கடைசியில் உழவு மாட்டுக்கும் வரி. ஏழு வருஷம் அவர் பேரைச் சொல்லி ஊர் காறித் துப்பியது. 1946-இல் ராஜா அவரை ஒரே நாளில் விரட்டினார். தெருவுக்குத் தெரு வெடி வெடித்தார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே, ஆறு வயதில், அம்மா மடியில் முகம் புதைத்துக்கொண்டு வண்டியில் ஊரைவிட்டு வந்தவள் செங்கமலம். ஏன் விரட்டினார்கள் என்று அப்பாவைக் கேட்கும் துணிச்சல் கடைசிவரை வரவில்லை. கையாடல் என்றே நினைத்திருந்தாள்.

மத்தியானம் அண்ணன் வந்து இறங்கிய சற்று நேரத்தில் வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். எழுபதை நெருங்கும் வயது. கையில் மடித்த செய்தித்தாள்.

"எம்பேரு துரைராஜ். மறைமலை நகர்ல மகன் வீட்ல இருக்கேன். பேப்பர்ல பாத்துட்டு வந்தேம்மா. அய்யா மந்திரியா இருந்தப்ப நான் அரண்மனைக் காவல்ல இருந்தவன்."

செங்கமலத்தின் கணவர் சம்பத் எழுந்தார். "இப்ப எதுக்கு சார் அந்தப் பேச்செல்லாம்?"

"சொல்லட்டும், விடுங்கோ" என்றாள் அவள்.

"கடைசி நாளு தர்பார் கதவுல நாந்தான் நின்னேன். அய்யா புது வரியெல்லாம் படிச்சிட்டு வந்தாரு. முடிவுல, மகாராஜா லாயத்துக் குதிரை நாப்பதுக்கும் வரின்னாரு. வெளையாட்டுன்னு நெனச்சு ராஜா சிரிச்சாரு. சபையே சிரிச்சுது. அய்யா சிரிக்கல. 'உழுறவன் மாட்டுக்கு உண்டுன்னா இதுக்கும் உண்டு'ன்னாரு. 'அந்த ஒண்ணை மட்டும் அடிச்சிடும், நீரே மந்திரியா இரும்'னாரு ராஜா. அய்யா முத்திரையைக் கீழ வச்சாரு. என்னைத் தாண்டி வெளிய போயிட்டாரு."

சம்பத் மெல்ல உட்கார்ந்தார்.

"இது ஊருக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"உள்ள இருந்தவங்க யாரும் வாயத் தொறக்கலம்மா."

"நீங்க?"

துரைராஜ் ஐஸின்மேல் கிடந்த முகத்தையே பார்த்தார். "நானும் வெடி வெடிச்சேன். வரி கட்டலன்னு எங்கப்பா மாட்டை அவுத்துட்டுப் போயிருந்தாங்கல்ல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்பாவின் அருகே போக நினைத்தவள் இரண்டடியில் நின்றுவிட்டாள். நாற்பத்தொரு வருஷம் காபிக்குச் சர்க்கரை போதாது என்று மட்டும் குறை சொன்ன வாய். அதைத் தொடக்கூட அச்சமாக இருந்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். செங்கமலம் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது. கூட்டத்துக்குப் பத்தடி பின்னால், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி துரைராஜ் நடந்துகொண்டிருந்தார்.